முகமூடிக்குப் பின்னால்

ஒரே நாளில் தேர்வான மூன்று இளம் கேட்சர்கள். ஒருவர் மூன்று முறை சாம்பியன். இன்னொருவர் பன்னிரண்டு ஆண்டு நின்று ஆடினார். மூன்றாமவருக்குக் கிடைத்தது நான்கே ஆட்டங்கள். பேஸ்பால் ஸ்கவுட்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள்?

2008 ஜூன் 5. புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே டிஸ்னி நிறுவனத்தின் விளையாட்டு வளாகம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளும் கூடியிருந்தன. பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் 'டிராஃப்ட்' அன்றுதான். இது நம் ஐ.பி.எல். ஏலம் போன்றதல்ல. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை என்பது அன்றைய விதி.

ஐந்தாவதாக அழைத்த சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஸ்டர் போஸியை எடுத்தது. வயது 21. அடுத்த முறை மார்லின்ஸ் அணிக்கு. அது எடுத்தது தெற்கு கலிஃபோர்னியாவின் பள்ளி மாணவர் கைல் ஸ்கிப்வொர்த்தை. வயது 18. பத்தாவதாக ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேசன் காஸ்ட்ரோவை எடுத்தது. முதல் பத்து இடங்களில் மூவர் கேட்சர்கள்.

போஸி 2010இல் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். அதே ஆண்டு ஜயன்ட்ஸ் உலகத் தொடரை வென்றது. 2012லும் 2014லும் மீண்டும் வென்றது. 2012இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. காஸ்ட்ரோ அந்த உயரத்தைத் தொடவில்லை. ஆனாலும் 2010 முதல் 2022 வரை மேஜர் லீகில் இருந்தார். ஸ்கிப்வொர்த் 2013இல் மார்லின்ஸுக்காக நான்கு ஆட்டங்களில் தலைகாட்டினார். அதோடு சரி.

இதைச் சொல்லி ஸ்கவுட்களைக் கேலி செய்வது சுலபம். ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மைதானங்களின் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்கால நட்சத்திரங்களைத் தேடுவதே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். ஸ்கிப்வொர்த்தை மெச்சியது மார்லின்ஸ் மட்டும் அல்ல. அந்த ஆண்டு அமெரிக்காவின் சிறந்த பள்ளி ஆட்டக்காரருக்கான கேடரேட் விருது அவருக்குத்தான் கிடைத்தது. நல்ல உயரம், வலுவான தோள், கேட்சர்களிடையே அரிதான இடக்கை பேட்டிங். கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் சரியாகவே இருந்தன. சிக்கல், கண்ணுக்குத் தெரியாதவற்றில் இருந்தது. பேஸ்பாலில் வேறு எந்த இடத்தையும்விட கேட்சரிடம்தான் அது அதிகம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் நினைவுக்கு வரும். பாதிதான் சரி. கீப்பரைப் போலவே இவரும் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். ஆனால் கிரிக்கெட்டில் எந்தப் பந்து வீசுவது என்று தீர்மானிப்பவர் பந்து வீச்சாளர். இங்கே அந்த யோசனை கேட்சருடையது. வேகப் பந்தா, வளையும் பந்தா, உள்ளேயா வெளியேயா என்று விரல் சைகையால் சொல்வார். 2022 முதல் கைப்பட்டை போன்ற மின்னணுக் கருவியிலும் சொல்கிறார். ஓர் ஆட்டத்தில் தம் அணியின் பிட்சர்கள் வீசும் ஏறக்குறைய 150 பந்துகளுக்கும் இதே வேலை. பெரும்பாலான பந்துகள் மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை. தவறி மட்டையில் உரசினால் முகமூடியில் மோதும்.

முகமூடி, மார்புக் கவசம், முழங்கால் காப்பு ஆகியவற்றை அமெரிக்கர்கள் 'அறியாமையின் கருவிகள்' என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. புத்தியுள்ளவன் இந்த வேலைக்கு வருவானா என்ற அர்த்தத்தில். வேடிக்கை என்னவென்றால், ஓய்வுக்குப் பின் அணி மேலாளர் ஆகிறவர்களில் கேட்சர்கள் ஏராளம். ஜயன்ட்ஸ் மூன்று கோப்பைகளை வென்றபோது மேலாளராக இருந்த புரூஸ் போச்சியும் முன்னாள் கேட்சரே.

இரண்டு பத்தி மதிப்பெண்

ஸ்கவுட்டின் அளவுகோல் 20இல் தொடங்கி 80இல் முடிகிறது. 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. 80 என்றால் தலைமுறைக்கு ஒருவர். பந்தை அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், எறியும் கை, தடுப்பாட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்திகள் உண்டு என்பது. ஒன்று இன்றைய நிலை. மற்றது சில ஆண்டுகள் கழித்து எட்டக்கூடிய நிலை. 17 வயதுப் பையனுக்கு முதல் பத்தியில் 30 போடுவார்கள். இரண்டாம் பத்தியில் 55 போடுவார்கள். பணம் கைமாறுவது இரண்டாம் பத்தியை நம்பித்தான். போஸிக்கு ஜயன்ட்ஸ் கொடுத்த கையெழுத்துத் தொகை 62 லட்சம் டாலர்.

கேட்சரிடம் கடிகாரத்தால் அளக்கக்கூடியது ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாப் டைம்'. முதல் பேஸில் இருக்கும் ஓட்டக்காரர் இரண்டாம் பேஸைத் திருட ஓடும்போது, பந்து கேட்சரின் கையுறையில் விழுந்த கணத்திலிருந்து, அவர் எழுந்து எறிந்து, இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையில் விழும் கணம் வரை ஆகும் நேரம். தூரம் 127 அடிக்குச் சற்று மேல். மேஜர் லீக் சராசரி 2 விநாடி. 1.9க்குக் கீழே வந்தால் ஸ்கவுட் நிமிர்ந்து உட்காருவார்.

கணக்கு எளிது. பிட்சர் பந்தை விடுவித்துக் கையுறைக்கு அனுப்ப 1.3 விநாடி. கேட்சருக்கு 2. மொத்தம் 3.3. நல்ல ஓட்டக்காரருக்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகும். பத்தில் ஒரு விநாடி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ஆனால் இந்த எண்ணும் ஏமாற்றும். ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடங்கும் முன்பும் கேட்சர் ஒருமுறை இரண்டாம் பேஸுக்கு எறிந்து காட்டுவது வழக்கம். ஸ்கவுட்களின் கடிகாரங்கள் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். பையன்களுக்கும் இது தெரியும். எதிரே பேட்ஸ்மேன் இல்லை. வரும் பந்து என்ன என்றும் தெரியும். ஓரடி முன்னால் நகர்ந்து, பாதி எழுந்த நிலையிலேயே பிடித்து எறிவார்கள். கடிகாரம் 1.9 காட்டும். ஆட்டத்தில் பந்து தரையில் குத்தி எகிறும்போது அதே பையனுக்கு 2.2 ஆகும். முதல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புகிற ஸ்கவுட் தன் நேரத்தையும் முதலாளியின் பணத்தையும் வீணாக்குகிறார்.

இந்த அளவின் விலையே விதிக்கு விதி மாறுகிறது. 2023இல் பேஸ் தட்டுகளின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது. ஓட்டக்காரரைப் பிடிக்க பிட்சர் திரும்பத் திரும்ப எறிவதற்கும் வரம்பு வந்தது. 2022இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு, 2023இல் 3,503 ஆனது. ஒரே இரவில் நல்ல தோளின் மவுசு கூடியது.

பிட்சரைத் தேடுவது இவ்வளவு கஷ்டமல்ல என்பதற்கு உத்தரப் பிரதேசத்திலேயே சாட்சி உண்டு. 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியில் வேகத் துப்பாக்கியை வைத்து அளந்தே ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறி வீரர்களைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பேஸ்பாலே ஆடாத இருவரும், போஸி தேர்வான அதே 2008இன் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2014இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு வந்த படம் இந்தக் கதைதான். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை என்பது வேறு விஷயம். கை வேகத்தை ஒரு கருவி சொல்லிவிடும். கேட்சரைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு போட்டி நடத்த முடியாது.

இரண்டு அங்குலம்

ஏன் முடியாது என்பதற்கான விடை 2008 வாக்கில்தான் வெளிப்படத் தொடங்கியது. அந்த ஆண்டுக்குள் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் பாதையையும் பதிவு செய்யும் கேமராக்கள் வந்துவிட்டன. பேட்ஸ்மேன் ஆடாமல் விடும் பந்து 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டின் மேல், உரிய உயரத்தில் கடந்தால் 'ஸ்டிரைக்'. இல்லையென்றால் 'பால்'. சொல்ல வேண்டியவர் அம்பயர். விளிம்பை உரசிக்கொண்டு போகும் பந்துகளில் அவர் பார்ப்பது பந்தை மட்டுமல்ல, கேட்சரின் கையையும்தான். கை பந்தோடு சேர்ந்து வெளியே இழுபட்டால் 'பால்' என்பார். பந்து விழுந்த இடத்திலேயே கை அசையாமல் நின்றால், அல்லது மெல்ல உள்ளே வந்தால், 'ஸ்டிரைக்' என்பார்.

இதற்கு 'பிரேமிங்' என்று பெயர். 'சட்டமிடுதல்' என்று மொழிபெயர்த்தால் தச்சுப் பட்டறைதான் ஞாபகம் வரும். பந்தேந்துதல் என்று சொல்லலாம். நீர் தளும்பாமல் பாத்திரத்தை வாங்குவது போன்ற காரியம் அது.

ஒரு 'பால்' 'ஸ்டிரைக்' ஆனால் லாபம் சுமார் எட்டில் ஒரு பங்கு ரன். அற்பம்தான். ஆனால் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று பந்துகள், ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் ஆட்டங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். முதல் வரிசை கேட்சருக்கும் கடைசி வரிசை கேட்சருக்கும் இடையே பல பத்து ரன்கள் விழுகின்றன. பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி என்பது பேஸ்பால் கணக்கர்களின் வாய்பாடு. மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் 2011இல் இந்தக் கணக்கை வெளியிட்டபோது, உச்சியில் இருந்த பெயர் ஹோசே மொலினா. புவெர்ட்டோ ரிக்கோவின் புகழ்பெற்ற மூன்று கேட்சர் சகோதரர்களில் நடுவர். ஓட்டம் மந்தம், பேட்டிங் பலவீனம், காலமெல்லாம் மாற்று ஆட்டக்காரர். அவரைத்தான் 2012 பருவத்துக்கு டாம்பா பே ரேஸ் வாங்கி, முன்பு எந்த அணியும் தராத அளவு ஆட்டங்களைக் கொடுத்தது. ஃபாஸ்ட்டை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இந்த வெளிச்சத்தில் பழைய தீர்ப்புகள் சில தலைகீழாயின. மைக் பியாஸாவை எடுத்துக்கொள்வோம். 1988 டிராஃப்டில் 62ஆம் சுற்று, 1,390ஆவது பெயர். அதுவும் திறமைக்காக அல்ல. டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா அவருடைய தந்தையின் நண்பர். முதல் பேஸில் ஆடியவரை கேட்சராக்கினார்கள். அந்த வேலையைக் கற்க டொமினிகன் குடியரசில் இருந்த பயிற்சி முகாமுக்கே போனார். கேட்சராக மட்டும் 396 ஹோம் ரன் அடித்தார், எறியும் கை பலவீனமானது என்று காலமெல்லாம் திட்டு வாங்கினார், 2016இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பின்னாளில் பழைய பதிவுகளைத் துருவியவர்கள் கண்டது: பந்தேந்துவதில் அவர் கெட்டிக்காரர். ஓட்டக்காரர்கள் திருடிய பேஸ்களை எல்லோரும் எண்ணினார்கள். அவர் கையுறை திருடிக்கொடுத்த ஸ்டிரைக்குகளை யாரும் எண்ணவில்லை. இன்று டிராஃப்ட் 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது. பியாஸா வந்த வாசலே இப்போது இல்லை.

கோபுரத்தில் ஏற்றியவர்கள்

அடிமட்டத்திலிருந்து வந்தவர் கதை இப்படி என்றால், உச்சியில் ஏற்றிவைத்தவர்களின் கதை வேறு. 1966இல் நியூயார்க் மெட்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற பள்ளி கேட்சரை. ரெஜி ஜாக்சனை விட்டுவிட்டு! ஜாக்சன் 563 ஹோம் ரன் அடித்தார். தோள் காயத்தில் சிக்கிய சில்காட் மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1970இல் முதலாமவரான மைக் ஐவி நன்றாகவே அடித்தார். ஆனால் பந்தை பிட்சருக்குத் திருப்பி எறிய அவருக்குக் கை வராமல் போனது. குழந்தைகூடச் செய்யும் வேலை. மனத்தில் எங்கோ ஒரு முடிச்சு. முதல் பேஸுக்கு மாறினார். டேனி குட்வின் 1971இலும், அப்போது ஒப்பந்தம் செய்யாமல் கல்லூரிக்குப் போனதால் 1975இலும், இரண்டு முறை முதலாமவராகத் தேர்வானார். அந்தப் பெருமை வேறு யாருக்கும் இல்லை. மேஜர் லீகில் ஒரு நாள்கூட கேட்சராக நிற்கவில்லை.

பள்ளியிலிருந்தே வந்து ஜெயித்தவர் ஜோ மவர். 2001இன் முதல் தேர்வு. மின்னசோட்டா ட்வின்ஸ் தன் சொந்த ஊர்ப் பையனையே எடுத்தது. 2006, 2008, 2009 ஆண்டுகளில் பேட்டிங் சராசரியில் முதலிடம். அமெரிக்கன் லீகில் அதற்கு முன் எந்த கேட்சரும் அதைச் செய்ததில்லை. எட்டு ஆண்டுகளுக்கு 18.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2013 ஆகஸ்ட்டில் மட்டையில் உரசிய பந்துகள் முகமூடியில் மோதி மூளை அதிர்ச்சி. அதன்பின் முதல் பேஸுக்கு மாறினார். 2018 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துக்கு மட்டும் மறுபடியும் கவசம் அணிந்து குந்தினார். 2024இல் புகழ் மண்டபம்.

ஆகவே கல்லூரிக் கேட்சர்களைத் தேடுவதே பத்திரம் என்று பல அணிகள் நினைக்கின்றன. 21 வயதில் உடம்பு நின்றுவிடும், அடித்துக் காட்டிய கணக்கும் கையில் இருக்கும். 2019இல் முதலாவதாக வந்த ஏட்லி ரட்ச்மன் அப்படித்தான். 2021இல் 110 ஆட்டம் தோற்ற பால்டிமோர், அவர் வந்த 2022இல் 83 ஆட்டமும் அடுத்த ஆண்டு 101 ஆட்டமும் வென்றது. எல்லாம் அவரால் அல்ல. ஆனால் அவர் இல்லாமலும் அல்ல.

ஆனால் வெனிசுவேலாவிலும் டொமினிகன் குடியரசிலும் இந்தச் சொகுசு கிடையாது. அங்கே ஒப்பந்த வயது 16. கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் 2006இல் வெனிசுவேலாவின் சால்வடார் பெரஸை 65,000 டாலருக்கு எடுத்தபோது அவருக்கு அந்த வயதுதான். 2015 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. அதே வயதில் கையெழுத்திடும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் மேஜர் லீகைப் பார்ப்பதே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், தெரியாத மொழி பேசும் ஊரில் பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து, 22 வயதில் வீடு திரும்புகிறார்கள். கேட்சராக இருந்தால் முழங்காலும் தேய்ந்திருக்கும். இரண்டாம் பத்தியில் ஸ்கவுட் போடும் எண் அணிக்கு முதலீடு. பையனுக்கு வாழ்க்கை.

ஸ்கிப்வொர்த்துக்கு வருவோம். அவரை வீழ்த்தியது பெரும்பாலும் பேட்டிங்தான். சிறு லீகுகளில் தரம் ஏற ஏற, பந்தை மட்டையில் படவைப்பதே பெரும்பாடாயிற்று. அடித்தால் தூரம் போகும். ஆனால் சராசரி எழவே இல்லை. கேட்சர் வேலையின் குரூரம் இதில் உண்டு. மற்ற பையன்கள் பேட்டிங் பயிற்சியில் இருக்கும் நேரத்தில் கேட்சர், பிட்சர்களின் பந்துகளைப் பிடித்துக்கொண்டோ எதிரணிப் பேட்ஸ்மேன்களின் பலவீனங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டோ இருப்பார். விரல்கள் எப்போதும் வீங்கியிருக்கும். போஸியின் கதை நேர் எதிர். 2006இல் அவர் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். கேட்சரானது 2007இல்தான். ஒரு கல்லூரி ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் மாறி மாறி நின்றவர். அவர் ஒரே ஆண்டில் புது வேலையைக் கற்றுக்கொண்டதைத்தான் ஜயன்ட்ஸ் விலை கொடுத்து வாங்கியது என்று தோன்றுகிறது. கற்றுக்கொள்ளும் வேகத்துக்கு 20-80 அட்டையில் தனிக் கட்டம் கிடையாது.

காஸ்ட்ரோவும் இதற்குச் சாட்சி. 2013இல் ஆல்ஸ்டார் அணிக்குப் போனது பேட்டிங்கால். அடுத்து வந்த ஆண்டுகளில் பேட்டிங் சரிந்தது. பந்தேந்துவதில் தேர்ந்தவராக மாறியிருந்ததால் 2016 முடிவில் மின்னசோட்டா மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 20 வயதில் அவரை எடைபோட்டவர்கள் எழுதாத திறமை அது.

இப்போது அந்தத் திறமைக்கே கேள்வி வந்திருக்கிறது. பந்து ஸ்டிரைக்கா என்பதைக் கேமராக்களிடம் மேல்முறையீடு செய்யும் முறைக்கு 2025 செப்டம்பரில் மேஜர் லீக் ஒப்புதல் அளித்தது. 2026 பருவத்திலிருந்து அமல். ஆட்டத்துக்கு அணிக்கு இரண்டு வாய்ப்புகள். முறையீடு சரியாக இருந்தால் வாய்ப்பு கழியாது. கேட்கும் உரிமை பேட்ஸ்மேன், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டும். வெளியிலிருந்து யாரும் சைகை காட்டக் கூடாது. உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். கேமராவுக்கு மேல் எல்லை பேட்ஸ்மேனின் உயரத்தில் 53.5 சதவீதம். கீழ் எல்லை 27 சதவீதம். கையுறை எங்கே நின்றது என்று அது பார்ப்பதில்லை.

பந்தேந்தும் கலை இதனால் செத்துவிடாது. ஆட்டத்துக்கு முறையீடுகள் சில, பந்துகள் முந்நூறு. ஆனால் அதன் விலை குறையும். எந்தப் பந்தை விட்டுவிட வேண்டும், எதற்குத் தலையைத் தட்ட வேண்டும் என்று அரை நொடியில் அறியும் கண்ணுக்கு விலை ஏறும். நல்ல பேட்டிங்குக்கு எப்போதும் விலை உண்டு. 2018இல் மூன்றாம் சுற்றில் தேர்வான சியாட்டிலின் கால் ராலி 2025இல் 60 ஹோம் ரன் அடித்தார். எந்த கேட்சரும் ஒரு பருவத்தில் தொடாத எண். அவரும் போஸி படித்த பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தவர். இன்று 16 வயதுப் பையனை எடைபோடுகிறவர், அவன் மேஜர் லீகுக்கு வரும் 2031இல் என்ன விதி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊகம் போஸியின் மேசைக்கே வந்து சேர்ந்தது. 2011 மே மாதம் ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் கால் எலும்பு முறிந்து, அத்தகைய மோதல்களைக் கட்டுப்படுத்தும் 2014 விதிக்குக் காரணமானவர் அவர். 2021இல் ஓய்வு பெற்று, 2024 செப்டம்பரில் ஜயன்ட்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவரானார். அப்போது அவர் அணியின் கேட்சர் பேட்ரிக் பெய்லி. 2020இன் முதல் சுற்றுத் தேர்வு. பந்தேந்துவதில் அமெரிக்காவிலேயே முதல் ஆள் என்று எல்லா அளவுகளும் சொன்னவர். 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் தங்கக் கையுறை விருது. 2025இல் பேட்டிங் சராசரி .222. அவருக்கு என்ன மதிப்பெண் போடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர், 2008இல் தானே அந்த அட்டையில் ஓர் எண்ணாக இருந்தவர்.